சுத்தியல் உள்ளே போன இடம்

டங். டங். டங்.

பிரேக் இன்ஸ்பெக்டர் கோணிப்பையை விரித்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். கையில் ஒரு சின்னச் சுத்தியல். பின்சக்கரத்தில் ஆரம்பித்து, அடிச்சட்டம் முழுவதையும் தட்டிக்கொண்டே முன்பக்கம் நகர்ந்து வந்தார். நான் நின்ற இடத்திலிருந்து அவருடைய பூட்ஸ் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. ஒவ்வொரு தட்டுக்கும் மனசுக்குள் "பெருமாளே, பெருமாளே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நல்ல இரும்பைத் தட்டினால் பதில் சொல்லும். கோயில் மணி அளவுக்கு இல்லாவிட்டாலும் காதில் தெளிவாக விழும்.

டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே வந்தபோது அந்தப் பதில் நின்றது. டொப் என்று ஒரு சத்தம். இன்னொரு தட்டுத் தட்டினார். சுத்தியல் திரும்பி வரவில்லை. தலை முழுவதும் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது.

"டிரைவர், இங்க வா. குனிஞ்சு பாரு" என்றார். "இது மேல உக்காந்துகினா நாப்பது பேர ஏத்திக்கினு வர?"

குனிந்து பார்த்தேன். குறுக்குச் சட்டத்தில் என் உள்ளங்கை அகலத்துக்கு இரும்பே இல்லை. டீயில் நனைந்த ரொட்டி மாதிரி உதிர்ந்து போயிருந்தது.

எப்.சி. என்கிற தகுதிச் சான்று கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சரிசெய்து மறுபடி காட்டும்வரை வண்டி ரோட்டில் ஏறக்கூடாது. அது மார்கழிக் கடைசி. தை அமாவாசைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மூக்கு வண்டி

இரண்டு மூன்று வாரமாக இந்தத் தொடரில் கனகவல்லியின் பெயர் வந்து வந்து போகிறது. யாரோ பெண்பிள்ளை என்று நினைத்து வாசகர் ஒருவர், "அந்த அம்மாள் இப்போது எங்கே இருக்கிறார்?" என்று கடிதம் போட்டிருக்கிறார். கனகவல்லி ஒரு பஸ். எங்கள் முதலாளி திருவள்ளூர்க்காரர். எங்கள் ஊர்க் கோயில் தாயாரின் பெயரையே வண்டிக்கு வைத்தார். கும்மிடிப்பூண்டியில் புறப்பட்டு, கவரப்பேட்டை, பெரியபாளையம், வெங்கல் வழியாகத் திருவள்ளூர் வந்து சேரும் வண்டி. முதல் நாளிலிருந்து நான்தான் டிரைவர்.

முதல் நாள் என்றால், அது பஸ் ஆவதற்கு முந்தைய நாள். அறுபதுகளின் தொடக்கம். சேசிஸை மட்டும் ஓட்டி வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். எஞ்சின், ஆறு சக்கரம், நீளமாக இரண்டு இரும்புச் சட்டம், நடுவில் ஏணிப்படி மாதிரி குறுக்குச் சட்டங்கள். அவ்வளவுதான். கூரை கிடையாது, கண்ணாடி கிடையாது. ஒரு பலகையைக் கட்டி அதன்மேல் உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணில் பூச்சி அடிக்க அடிக்க ஓட்டி வந்தேன்.

பாடி கட்டும் பட்டறையில் இரண்டு மாதம் ஆயிற்று. எனக்கு வேறு வேலையில்லை. தினமும் போய்ப் பக்கத்தில் நிற்பேன். தேக்கில் எலும்புக்கூடு செய்தார்கள். அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தினார்கள். தரை முழுக்கப் பலகை. ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. மழை வந்தால் இறக்கிவிடப் படுதா. கண்டக்டர் இழுக்கும் மணிக்கயிறு கூரையோடு ஓடி என் தலைக்கு மேல் முடியும். எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஜனங்கள் மூக்கு வண்டி என்றார்கள். காலையில் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால்தான் கண் விழிக்கும்.

கும்மிடிப்பூண்டி லைன் என்றால் மீன் கூடை ஏறாமல் இருக்காது. உப்புத்தண்ணீர் ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து மடவையும் இறாலும் நண்டும் வரும். அதனால் கூரைமேல் கேரியருக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வைத்து, மீன் தண்ணீர் வடிய பின்பக்க மூலையில் ஒரு குழாயும் இறக்கச் சொன்னேன். தண்ணீர் பின்சக்கரத்துக்கும் அப்பால் ரோட்டில் விழும். பட்டறை மேஸ்திரி, "நல்ல யோசனைப்பா" என்று முதுகில் தட்டினார்.

குழாயை வைக்கச் சொன்னவன் நான்தான். வாசகர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

ஆற்றில் நின்றது

ஒரு ஐப்பசி மழையில், பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் ஆரணியாற்றுத் தரைப்பாலத்தின் நடுவே எஞ்சின் நின்றுவிட்டது. தண்ணீர் படிக்கட்டுவரை வந்துவிட்டது. உள்ளே முப்பது பேருக்கு மேல். குழந்தைகள் அழ ஆரம்பித்தன. ஹேண்டிலைச் சுற்ற இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். இரண்டு சுற்று, மூன்று சுற்று. அசையவில்லை.

"வீரராகவா, இவங்கள கரையேத்து. உனக்கு உப்பு மிளகு போடறேன்" என்று வாய்விட்டே சொன்னேன். நாலாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

எங்கள் திருவள்ளூர்ப் பெருமாளை வைத்திய வீரராகவர் என்போம். உடம்பில் நோவு என்றால் உப்பும் மிளகும் வாங்கிக் கோயிலில் கொட்டுவோம். குளத்தில் வெல்லம் கரைப்போம். அமாவாசைக்கு அமாவாசை அதற்காகவே சனம் கூடும். மனிதனுக்குச் செய்வதை வண்டிக்குச் செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அதில் இன்றும் தப்பு தெரியவில்லை.

தப்பு அடுத்தபடி. பொட்டலத்தில் பாதியைக் கோயிலில் கொட்டிவிட்டு, மீதியைக் கொண்டுவந்து, சீட்டுக்குக் கீழே உள்ள பலகையைத் தூக்கி, அந்தச் சந்தில் போட்டுவைத்தேன். சன்னதியைப் பார்த்த உப்பு, வண்டியிலேயே காவலாக இருக்கட்டும் என்று. ஒரு கைப்பிடிதான். ஆனால் ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு கைப்பிடி. நாலைந்து வருஷம் விடாமல். கண்டக்டருக்குக்கூடத் தெரியாது. சாமி காரியத்தைச் சொல்லிக்கொண்டு செய்யக்கூடாது என்பது என் எண்ணம்.

கன்னியம்மாவின் கூடை

இன்ஸ்பெக்டர் வருவதற்கு ஒன்றரை மாதம் முந்தி, கார்த்திகையில், பெடலை மிதிக்கும்போதெல்லாம் செருப்பில் செம்மண் மாதிரி துரு விழ ஆரம்பித்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

உப்பு என்றதும் எனக்கு மீன் கூடைதான் ஞாபகம் வந்தது. நேரே முதலாளியிடம் போய், "கூரைலேர்ந்து மீன் தண்ணி இறங்கி வண்டிய அரிக்குது" என்றேன். அமாவாசைக்கு வருகிறவர்கள் மீன் வாடை என்று அவரிடம் ஏற்கெனவே முணுமுணுத்திருந்தார்கள். "நாளையிலிருந்து ஒரு கூடை ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை கும்மிடிப்பூண்டியில் அதைச் சொல்ல வேண்டியவன் நான். எட்டுப் பத்துப் பெண்கள் கூடையோடு நின்றார்கள். அவர்களுக்கெல்லாம் பெரியவள் கன்னியம்மா. கணவன் இல்லை. திருவள்ளூர் மார்க்கெட்டில் அவளுக்கென்று ஒரு இடம் உண்டு. நான் நெற்றியில் திருமண் இட்டிருப்பதால் என்னை நாமக்காரரே என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னா நாமக்காரரே, இன்னைக்கு ஏணியாண்ட நின்னுகினு வழி மறிக்கிற?"

"கூடை ஏறாது கன்னிம்மா. மொதலாளி உத்தரவு. மீன் தண்ணில வண்டி துருப்புடிச்சுப்போச்சு."

"எங்க துருப்புடிச்சுது?"

"என் காலாண்ட."

அவள் கூரையைப் பார்த்தாள். பின்பக்கக் குழாயைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள்.

"மீனு மேல கீது. தண்ணி பின்னால ஊத்துது. துரு மட்டும் முன்னால வந்து உன் காலாண்ட குந்திக்கினு கீதா? நல்லா கீதுபா உன் கதை!"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏணியை விட்டு நகரவில்லை. கண்டக்டர் மணிக்கயிற்றை இழுத்ததும்தான் சீட்டில் ஏறினேன். வண்டியை எடுத்துவிட்டேன். பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது. "சாமி கும்புட்ற ஆளு. பாத்துப் பேசு!"

அப்புறம் அவர்கள் மாட்டுவண்டி பிடித்து வந்தார்கள். மார்க்கெட்டுக்கு வந்து சேரும்போது வெயில் ஏறியிருக்கும். இறால் நிறம் மாறியிருக்கும். நான் ட்ரிப் முடித்து நாஷ்டாவுக்குப் போகையில், மடவையை உப்புப் போட்டுக் கருவாட்டுக்கு ஒதுக்கிக்கொண்டிருப்பாள் கன்னியம்மா. என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

"பழைய இரும்புக்குப் போடு"

எப்.சி. போய்விட்டது என்று சொன்னதும் முதலாளி அதிகம் யோசிக்கவில்லை. தட்டை மூஞ்சியோடு புது மாதிரி வண்டிகள் வர ஆரம்பித்திருந்த காலம். அவருக்கு அதில் ஒரு கண்.

"போதும்யா. பழைய இரும்புக்குப் போட்டுடலாம்."

"பன்னெண்டு நாள் குடுங்க மொதலாளி. அமாவாசைக்கு ஓட்டிக் காட்டறேன்."

"ஓடலேன்னா?"

"நானே கொண்டுபோய் இரும்புக்கடையில நிறுத்திட்டு வரேன்."

அவர் தலையாட்டினார். அன்றைக்கே தனி அனுமதி வாங்கி, ஆள் ஏற்றாமல், ஆமை மாதிரி ஊர்ந்து கும்மிடிப்பூண்டி போனேன். இப்போது தொழிற்பேட்டை லாரிகள் நிற்கும் அந்த நெல்லூர் ரோட்டு ஓரத்தில், அப்போது ஒரே ஒரு பட்டறை. ரமணய்யா மேஸ்திரி சூளூர்ப்பேட்டைப் பக்கத்து ஆள். தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவார். பெரியவன் சின்னவன் எல்லாரும் அவருக்கு நைனாதான்.

மிளகு

சீட்டைக் கழற்றினோம். பலகையைப் பெயர்த்தோம். ரமணய்யா குறுக்குச் சட்டத்தின் பள்ளத்தில் கையைவிட்டு ஒரு பிடி அள்ளி வெளியே போட்டார். துருவும் சேறும் கெட்டியாக உறைந்த உப்பும். அதைச் சிமென்ட் தரையில் பரப்பி, விரலால் கிளறினார். சின்னச் சின்னதாக, கறுப்பாக, உருண்டையாக எதையோ பொறுக்கி உள்ளங்கையில் வைத்து என் முன்னால் நீட்டினார்.

"நைனா, உங்க ஊர் மீனு மிளகு போட்டுக்கினுதான் பஸ் ஏறுமா?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பீடியைப் பற்றவைத்து, அந்த ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மேல மழைத் தண்ணி, கீழ ரோட்டுத் தண்ணி, நடுவுல நீ போட்ட உப்பு. அஞ்சு வருஷம் தாங்கிச்சே, அதுவே உன் சாமி புண்ணியம்" என்றார். பிறகு, "இப்ப இன்னா பண்ணப்போற?"

"சரி பண்ணணும்."

"வண்டியா?"

அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. "ரெண்டையும்" என்றேன்.

அன்று வீட்டுக்குப் போய் அலமேலுவிடம் சொன்னேன். என் மனைவி கோயில் காரியத்தில் என்னைவிடக் கறார். சோற்றைப் போட்டுக்கொண்டே, "உப்பு மேல கோவிச்சுக்காதீங்க. அத கோயில்ல கொட்டச் சொன்னாங்க. பாதிய நீங்க எடுத்துக்கினு வந்துட்டீங்க" என்றாள். "அந்தப் பொம்பளகிட்ட எப்ப சொல்லப்போறீங்க?"

முதலாளி வீட்டு வாசலில்

முதலில் முதலாளியிடம் சொன்னேன். மிளகைத் துண்டில் முடிந்து எடுத்துப் போயிருந்தேன். அவர் அதைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். திட்டுவார், வேலையை விட்டுப் போ என்பார் என்று தயாராக நின்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இத வேற யார்கிட்டயும் சொன்னியா?"

"மேஸ்திரிக்குத் தெரியும்."

"அதோட விடு. மீன் தண்ணின்னே இருக்கட்டும். கூடை நின்னதுல வண்டி சுத்தமா கீது. சனங்களுக்கும் சந்தோஷம்."

எனக்கு அது சுலபமான வழி. என் வேலையும் போகாது, மானமும் போகாது. ஆனால் காலையில் திருமண் இட்டுக்கொள்ளும்போது கண்ணாடியில் என் முகத்தை நானே பார்க்க வேண்டுமே.

"கூடைய ஏத்தணும் மொதலாளி."

"இன்னாய்யா பேஜாரா போச்சு உன்னோட! யார் வண்டி இது?"

"உங்க வண்டிதான். பழிய போட்டது நான். வண்டி பாஸ் ஆனா கூடை ஏறும்னு ஒரு வார்த்த சொல்லுங்க. கூலி வேணாம், பன்னெண்டு நாளும் நானே கூட நின்னு வேல செய்யறேன்."

"மொதல்ல பாஸ் ஆவுதான்னு பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

கடைசிக் குடம்

ரமணய்யா வெல்டிங் வைக்க ஒப்புக்கொள்ளவில்லை. "ரோடு குலுக்குற குலுக்குல விட்டுக்கினு போயிடும் நைனா. ரிவிட்தான்" என்றார். பட்டறைக்குப் பின்னால் கிடந்த செத்த லாரி ஒன்றிலிருந்து அதே அளவு சட்டத்தை வெட்டி எடுத்தோம். பழையதை உளியால் பிரித்து எடுக்கவே மூன்று நாள் ஆயிற்று.

புதுச் சட்டத்தைப் பொருத்துமுன் கழுவ வேண்டும். ஒரு கல் உப்பு மிஞ்சினாலும் புது இரும்பையும் தின்றுவிடும். கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து ஊற்றினேன். அடியில் வடியும் தண்ணீரைக் கையில் பிடித்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கரிக்கும். மறுபடி இறைப்பேன். ரமணய்யாவின் ஆட்கள், "டிரைவர் அண்ணே, தீர்த்தம் எப்படி கீது?" என்று கேலி செய்தார்கள். இரண்டாம் நாள் மாலை, எத்தனையாவது குடமோ தெரியாது, தண்ணீர் சப்பென்று இருந்தது. இன்னும் நாலு குடம் ஊற்றிவிட்டுத்தான் நிறுத்தினேன்.

ரிவிட்டை உலையில் சிவக்கக் காய்ச்சி, துளையில் நுழைத்து, ஒரு பக்கம் நான் கனமான இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பிடிக்க, மறுபக்கம் ரமணய்யா சம்மட்டியால் அடித்தார். ஒவ்வொரு அடியும் என் தோளில் இறங்கியது. பதினாறு ரிவிட். இரவில் கை சோற்றுக்குப் போகாது. அலமேலு நல்லெண்ணெய் தடவிவிடுவாள். காலையில் மறுபடி கும்மிடிப்பூண்டி.

பத்தாம் நாள் பலகையைப் பொருத்தினோம். அந்தச் சந்தைத் தகடு வைத்து மூடச் சொன்னேன்.

"ஏன், உனுக்கு உன் மேலயே நம்பிக்க இல்லியா?" என்றார் ரமணய்யா.

"இல்ல மேஸ்திரி" என்றேன்.

மறுபடியும் அதே சத்தம்

அமாவாசைக்கு முந்தின நாள். அதே மைதானம், அதே கோணிப்பை, அதே பூட்ஸ் கால்கள்.

டங். டங். டங்.

என் சீட்டுக்குக் கீழே வந்ததும் தட்டுவதை நிறுத்தினார். பிறகு தட்டினார். டங். இன்னொரு தரம், பலமாக. டங். பதினாறு ரிவிட்டையும் ஒவ்வொன்றாகத் தட்டினார். பிறகு என்னை ஓட்டச் சொல்லி, சுண்ணாம்புக் கோட்டில் பிரேக் பிடிக்கச் சொன்னார். முன்சக்கரம் கோட்டைத் தொடாமல் நின்றது.

எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டே, "யார் அடிச்ச ரிவிட்டு?" என்றார். சொன்னேன். "வண்டிய விட கெட்டியா கீது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் சொன்னது பலித்தது. அதற்குப் பிறகு கனகவல்லி பல வருஷம் ஓடினாள். எழுபதுகளின் நடுவில் உடைக்கப் போனபோது தேக்கு இற்றிருந்தது, கூரை சொட்டியது. அந்தக் குறுக்குச் சட்டத்தை மட்டும் உடைக்கிறவர்கள் முழுசாகக் கழற்றி வேறு வண்டிக்கு எடுத்துப் போனார்கள்.

எப்.சி. காகிதத்தை முதலாளியிடம் நீட்டினேன். வாங்கிப் படித்தார், மடித்துப் பெட்டியில் வைத்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார். "கூடைக்கு அடியில கோணி போடச் சொல்லு."

தை அமாவாசை

மறுநாள் காலை, கும்மிடிப்பூண்டி. பனி விலகவில்லை. வண்டிக்கு மாலை போட்டிருந்தோம். கோயிலுக்குப் போகிறவர்கள் வெல்லமும் கையுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். மீன்காரப் பெண்கள் வண்டிப் பக்கமே வராமல், எதிர்ச்சாரியில் மாட்டுவண்டிக்காகக் காத்திருந்தார்கள்.

ரோட்டைக் கடந்து போனேன். கன்னியம்மாவின் முன்னால் நின்றேன்.

"கன்னிம்மா, உன் மீன் இல்ல. என் உப்பு. சாமிக்குக் கொட்ட வேண்டியத நான்தான் வண்டிக்குள்ள கொட்டி அரிக்க வெச்சேன். உன் மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சுக்கோ."

எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கன்னியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உப்பு இன்னா செய்யும்னு ஏரியில பொறந்த என்ன கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள். "ரெண்டு மாசம் என் இறால் வெயில்ல நாறிச்சு, நாமக்காரரே."

"தெரியும்."

"தெரியுமாம்! நின்னுகினு கீற? தூக்கு."

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நானே ஏணியில் ஏறினேன். பழகாத கழுத்து. மீன் தண்ணீர் திருமண்ணில் வழிந்து கண்ணில் இறங்கியது. கீழே பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். மற்றக் கூடைகளையும் ஒவ்வொன்றாக வாங்கி வைத்தேன். கோணி விரித்துத்தான்.

திருவள்ளூரில் இறங்கியபோது, கன்னியம்மா என் ஜன்னலுக்கு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பொட்டலத்தை நீட்டினாள். உப்பும் மிளகும்.

"முட்டி வலி தாங்கல. மார்க்கெட்ட விட்டு நகர முடியாது. கோயிலுக்குத்தானே போற? எம்பேரச் சொல்லிக் கொட்டிடு." இரண்டடி போனவள் திரும்பிப் பார்த்தாள். "எல்லாத்தையும் கொட்டு. பாதிய வண்டிக்கு எடுத்துக்கினு வந்துடாத!"

குளத்தில் கை கால் கழுவிக்கொண்டு போய் நின்றேன். முதலில் கன்னியம்மாவின் பெயர், அப்புறம் கனகவல்லியின் பெயர். பொட்டலத்தை முழுசாகக் கவிழ்த்தேன். காகிதத்தின் மடிப்பில் ஒரு மிளகு ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் உதறி விழவைத்துவிட்டுத்தான் கை கூப்பினேன்.